98–97 எல்லாருக்கும் தெரியும். 43–42 எத்தனை பேருக்குத் தெரியும்?

1/
நீளமான த்ரெட். ஃபுட்பால் பத்தி. மருத்துவப் பதிவுன்னு நம்பி ஃபாலோ பண்றவங்க கோச்சுக்காதீங்க, நடுவுல முழங்காலும் ரத்தசோகையும் வரும். கொஞ்சம் கோவமாத்தான் எழுதியிருக்கேன். பாதிக் கோவம் என் மேலயே.

2/
போன வாரம் நைட் ட்யூட்டி. மணி ஒன்றரை. ஒரு பாம்புக்கடி, ரெண்டு பைக் விபத்து பார்த்து முடிச்சு ட்யூட்டி ரூமுக்கு வந்தா, ஜூனியர் டாக்டர் தம்பியும் லேப் டெக்னீஷியனும் பழைய கதையில இருக்காங்க. 2018-19 இங்கிலாந்து சீசன். மான்செஸ்டர் சிட்டி 98 பாயிண்ட், லிவர்பூல் 97. 2019 ஜனவரி மேட்ச்ல ஜான் ஸ்டோன்ஸ் கோல் லைன்ல இருந்து பந்தை வெளிய தள்ளினப்போ, அது முழுசா கோட்டைத் தாண்ட 11 மில்லிமீட்டர் சொச்சம்தான் பாக்கி. அந்த 11 மில்லிமீட்டரை வச்சு அரை மணி நேரம் சண்டை.

3/
நானும் சளைச்சவன் இல்ல. லிவர்பூல் ஆளு. 2019 மே மாசம் பார்சிலோனாவை 4-0 அடிச்ச ராத்திரி கண்ணு மூடாம இருந்துட்டு, மறுநாள் காலைல நூறு பேருக்கு மேல ஓபி பார்த்தவன். அதனால இந்தத் த்ரெட்டை 'ஐரோப்பா ஃபுட்பால் பாக்குறவன் எல்லாம் துரோகி'ன்னு படிச்சிடாதீங்க. அது இல்ல விஷயம்.

4/
தம்பிகிட்ட கேட்டேன்: "சரிடா, அதே 2018-19 சீசன்ல இந்தியாவுல யார் சாம்பியன்?"
"பெங்களூரு அண்ணா."
"அது ஐஎஸ்எல். ஐ-லீக்?"
யோசிக்கிறான்.
"பெண்கள் லீக்?"
"அப்படி ஒண்ணு இருக்கா அண்ணா?"
நல்லாப் படிச்ச பையன். ராஜபாளையத்துல பிறந்து வளர்ந்தவன். பத்தாவது வரைக்கும் ஸ்கூல் டீம்ல ஆடியிருக்கான்.

5/
பதில் இதுதான். அந்த சீசன் ஐ-லீக் சாம்பியன்: சென்னை சிட்டி எஃப்சி. பேர்தான் சென்னை, சொந்த மைதானம் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். பெண்கள் லீக் சாம்பியன்: சேது எஃப்சி. பேப்பர்ல 'மதுரை அணி'ன்னு போட்டாங்க. ஆனா அந்த அணியை உருவாக்கின பொறியியல் கல்லூரி இருக்கிறது காரியாபட்டி பக்கம் புல்லூர்ல. காரியாபட்டி எந்த மாவட்டம்? விருதுநகர். நம்ம மாவட்டம் சார்.

6/
அதாவது ஒரே சீசன்ல ஆண்கள் ஐ-லீக், பெண்கள் லீக் ரெண்டு கோப்பையும் தமிழ்நாட்டுக்கு வந்துச்சு. அதுல ஒண்ணு நம்ம மாவட்டத்துக்கே வந்துச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல ஏறி ரெண்டு பஸ் மாறினா போய்ச் சேர்ற தூரம்.
அதே 2019-ல ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. ஊரே கொண்டாடினோம், நானும் ஸ்டேட்டஸ் வச்சேன். கொண்டாட வேண்டியதுதான். ஆனா இந்தியாவோட சாம்பியன் பட்டம் வந்ததுக்கு ஒரு டீக்கடையிலயாவது பேச்சு இருந்துச்சா?

7/
முதல்ல ஐ-லீக் கதை. அந்தக் கடைசி நாள் எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சா, சிட்டி-லிவர்பூல் கதைக்கு எந்த வகையிலும் குறைஞ்சதில்லன்னு ஒத்துக்குவீங்க.
11 அணிகள், ஆளுக்கு 20 மேட்ச். 2019 மார்ச் 9, கடைசி நாள். சென்னை சிட்டி ஜெயிச்சா கோப்பை. தடுக்கினா, கோழிக்கோட்டுல ஆடிக்கிட்டு இருக்கிற ஈஸ்ட் பெங்கால் தூக்கிட்டுப் போயிடும். ஒரு பக்கம் 1920-ல ஆரம்பிச்ச கொல்கத்தா கிளப். இன்னொரு பக்கம் ஐ-லீக்ல மூணாவது வருஷமே ஆடுற, முந்தின சீசன்ல கீழே விழாமத் தப்பிச்ச ஒரு டீம்.

8/
கோயம்புத்தூர்ல மேட்ச் தொடங்கி மூணாவது நிமிஷமே மினர்வா பஞ்சாப் கோல் போட்டுருச்சு. அந்தப் பக்கம் ஈஸ்ட் பெங்கால் 2-1 ஜெயிக்குது. இங்க ரெண்டாவது பாதியில பெட்ரோ மான்ஸி பெனால்டியில சமன் பண்றார். அப்புறம் கௌரவ் போரா, ஒரு டிஃபெண்டர், ரெண்டு கோல். 3-1. இறுதிக் கணக்கு: சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42.
ரெண்டு மாசம் கழிச்சு மே 12-ல மான்செஸ்டர் சிட்டியும் கடைசி நாள் பிரைட்டன்ல 0-1 பின்தங்கி, 4-1 ஜெயிச்சு, ஒரே பாயிண்ட்ல கோப்பை வாங்குச்சு. அதே கதை. ஒண்ணு உலகத்துக்கே தெரியும். இன்னொண்ணு பக்கத்து ஜில்லாவுக்குத் தெரியாது.

9/
அந்த டீம்ல ஸ்பெயின்காரங்க இருந்தாங்க, உண்மை. மான்ஸி மட்டும் 21 கோல். கோச் அக்பர் நவாஸ் சிங்கப்பூர். ஆனா கூடவே எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், பிரவிட்டோ ராஜுன்னு நம்ம பசங்க வாராவாரம் ஆடினாங்க. பெரிய நட்சத்திரம் யாரும் இல்லாத, ஒழுங்காப் பந்தைப் பாஸ் பண்ணி ஆடின டீம்.

10/
'அதெல்லாம் ரெண்டாம் தர லீக்'னு இப்பவே ஒருத்தர் டைப் பண்ண ஆரம்பிச்சிருப்பீங்க. இருங்க. லீக் முடிஞ்ச கையோட புவனேஸ்வர்ல சூப்பர் கப். ஐஎஸ்எல், ஐ-லீக் ரெண்டுலயும் ஆடுறவங்க மோதுற போட்டி. எங்களை மதிக்கலைன்னு பல ஐ-லீக் கிளப்புகள் புறக்கணிச்சதும் அந்த வருஷம்தான். சென்னை சிட்டி போய் ஆடுச்சு. காலிறுதியில எதிரணி யாரு? ஐஎஸ்எல் சாம்பியன் பெங்களூரு. ஸ்கோர் 2-1. ஜெயிச்சது சென்னை சிட்டி.
அரையிறுதியில கோவாகிட்ட 0-3 தோத்தாங்க, அதையும் சொல்லிடறேன். ஆனா 'தரம் இல்ல'ங்கிற வாதம் காலிறுதியிலேயே முடிஞ்சு போச்சு.

11/
இப்போ கோவப்பட வேண்டிய இடம். அதே 2018-19 சீசன்ல ஐஎஸ்எல்ல நம்ம மாநிலத்தோட இன்னொரு டீம், சென்னையின் எஃப்சி, 18 மேட்ச்ல 9 பாயிண்ட் எடுத்து 10 அணியில 10-வது இடம். முந்தின வருஷம் சாம்பியன், இந்த வருஷம் கடைசி.
கடைசி வந்ததுக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. அடுத்த வருஷமும் அதே லீக்.
முதல்ல வந்த சென்னை சிட்டிக்கு என்ன ஆச்சு? அதுவும் மேல போகல. அதே லீக்.
சென்னையின் ரசிகர்கள் அடிக்க வராதீங்க, டீம் மேல குறை சொல்லல. முதல்ல வந்தவன் ஏற முடியாது, கடைசியா வந்தவன் இறங்க வேண்டாம்னு ஒரு விளையாட்டுக்கு விதி எழுதினவங்களைச் சொல்றேன்.

12/
இங்கிலாந்துல அதே சீசன்ல என்ன நடந்துச்சு? ஹட்டர்ஸ்ஃபீல்ட், ஃபுல்ஹாம், கார்டிஃப் மூணும் கீழே. கீழ் டிவிஷன்ல முதலிடம் வந்த நார்விச் மேல. பணக்காரக் கிளப், ஏழைக் கிளப் எல்லாத்துக்கும் ஒரே ஏணி, ஒரே பாம்பு.
எஃப்ஏ கோப்பையைப் பாருங்க. நாலாவது டிவிஷன்ல ஆடுற நியூபோர்ட் கவுண்டி, 2019 ஜனவரியில பிரீமியர் லீக் டீம் லெஸ்டரை 2-1 வீட்டுக்கு அனுப்புச்சு. வேல்ஸ்ல இருக்கிற ஊர், ஆடுறது இங்கிலாந்து போட்டிகள்ல. 2011 கணக்குப்படி ராஜபாளையம் மக்கள்தொகை 1.30 லட்சம். நியூபோர்ட் அதைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. ராஜபாளையம் அளவு ஊர்ல ஒரு தொழில்முறை கிளப் இருக்கலாம், அது பெரிய கிளப்பை ஒரு நாள் சாய்க்கலாம், அந்த மைதானத்துக்கே மான்செஸ்டர் சிட்டி வந்து ஆடலாம். நாம அவங்ககிட்ட கத்துக்க வேண்டியது இது. நாம கத்துக்கிட்டது ஜெர்சி வாங்க.

13/
அந்த வருஷம் வரைக்கும் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்குப் போற இடம் ஐ-லீக் சாம்பியனுக்குத்தான். 2019-20-ல இருந்து அது ஐஎஸ்எல் பக்கம் போயிருச்சு. நம்ம டீம் சாம்பியன் ஆன வருஷத்தோட கதவைச் சாத்திட்டாங்க.
2020 ஜனவரியில பஹ்ரைன்காரங்களோட ரிஃபா கிளப்புக்கு எதிரா சென்னை சிட்டியோட தகுதி ஆட்டம். சொந்த ஊர் ஆட்டம்னு கணக்கு. நடந்தது எங்க? அகமதாபாத்துல. 0-1 தோல்வி. பேரு சென்னை, மைதானம் கோவை, ஆசியப் போட்டிக்குச் 'சொந்த ஊர்' குஜராத். வேடிக்கையா சொல்லல.

14/
ஸ்விட்சர்லாந்தோட பாசல் கிளப் 2019-ல 26 சதவீதப் பங்கு வாங்குச்சு. வெளிநாட்டுக்காரனுக்குத் தெரிஞ்ச மதிப்பு நமக்குத் தெரியல. அதுக்கப்புறம் கொரோனா, பணமில்லாம, மேல போக வழியில்லாம சில வருஷத்துல தேசிய லீக்ல இருந்தே அந்த டீம் காணாமப் போச்சு. நிர்வாகத்துல தப்பே இல்லைன்னு சொல்லல. ஆனா சாம்பியன் ஆனாலும் ஒண்ணும் மாறாதுன்னா எந்த முதலாளி எத்தனை வருஷம் காசு போடுவார்?

15/
கடைசியா 2023-ல ஐ-லீக்ல ஜெயிச்சு முதன்முதலா ஐஎஸ்எல்லுக்கு ஏறின டீம் எது தெரியுமா? பஞ்சாப் எஃப்சி. அது யாரு? முதலாளி மாறி, பேர் மாறின பழைய மினர்வா பஞ்சாப். 2019 மார்ச் 9-ல கோயம்புத்தூர்ல நம்மகிட்ட 1-3 தோத்த அதே கிளப். நாலு வருஷம் தாக்குப் பிடிச்சவனுக்குக் கதவு திறந்துச்சு. நம்மாளு அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டான்.

16/
'காசு போட்ட முதலாளிகளுக்குப் பாதுகாப்பு வேணும்ல டாக்டர்? இறங்கிடுவோம்னு பயம் இருந்தா யார் முதலீடு பண்ணுவா?' நியாயமான கேள்வி. பத்து வருஷத்துக்கு மேல பாதுகாப்பு கொடுத்தாச்சு. பலன்? 2025 ஜூலையில ஒப்பந்தக் குழப்பத்துல ஐஎஸ்எல்லையே நிறுத்தி வச்சாங்க. சீசன் எப்போன்னு தெரியாம ஆட்டக்காரங்க வீட்டுல உக்காந்திருந்தாங்க. ஐசியூல வச்சுக்கிட்டே இருந்தா நோயாளிக்குக் கால்ல தசை கரைஞ்சிடும். எழுந்து நடக்கவிட்டாத்தான் தேறுவான்.

17/
இப்போ சேது. இந்தத் த்ரெட் எழுதக் காரணமே இதுதான்.
தம்பிகிட்ட ஜம்பமா கேள்வி கேட்டேன்ல? ஏழெட்டு மாசம் முன்னாடி வரைக்கும் எனக்கும் தெரியாது. எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு பேஷண்ட். (அடையாளம் தெரியாத மாதிரி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

18/
பதினேழு வயசுப் பொண்ணு. அப்பா மில் தொழிலாளி. வலது முழங்கால் வீங்கி, நாட்டுக் கட்டு போட்டு, ரெண்டு வாரம் கழிச்சு ஓபிக்குக் கூட்டிட்டு வந்தாங்க. "ஓடிட்டே திரும்பினேன் சார், கால் ஒரு குழியில மாட்டுச்சு, உள்ள 'டப்'னு ஒரு சத்தம்." அந்த 'டப்' கேட்டாலே எங்களுக்குப் பாதி தெரிஞ்சிடும். கட்டைப் பிரிச்சுச் சோதிச்சுப் பார்த்தா முழங்கால் தாடை முன்னாடி நழுவுது. உள்ள இருக்கிற முன் லிகமெண்ட் கிழிஞ்சிருக்கு. எம்ஆர்ஐலயும் அதேதான் வந்துச்சு.

19/
என்ன குழின்னு கேட்டேன். பந்தக்கால் குழி. மைதானத்துல ஏதோ கூட்டம் நடந்திருக்கு. பந்தல் போட்டவங்க மூங்கிலைப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க, குழியை மூடல. எந்தக் கூட்டம், எந்த மைதானம்னு எழுத மாட்டேன். எழுதினா அந்தக் கட்சிக்காரங்களும் எதிர்க்கட்சிக்காரங்களும் இங்க வந்து அடிச்சுக்குவீங்க, குழி அப்படியே இருக்கும். உங்க ஊர் மைதானத்துல போய்ப் பாருங்க, அங்கயும் இருக்கும்.

20/
அப்பாகிட்ட சொன்னேன்: "அண்ணாச்சி, ஆபரேஷன் பண்ணலாம். காப்பீட்டுத் திட்டத்துல மதுரையில பண்ணிக்கலாம். அப்புறம் ஒன்பது மாசமாவது ஒழுங்காப் பயிற்சி செய்யணும். அப்பதான் மறுபடி ஆட முடியும்."
அவர் சொன்னார்: "நடந்தா போதும் சார். இவ ஆடவா போறா?"
அவர் கெட்டவர் இல்ல. ஒரு நாள் லீவு போட்டா ஒரு நாள் கூலி போகும். ஒன்பது மாசம் வாராவாரம் யார் கூட்டிட்டுப் போறது? அவர் கணக்கு அவருக்கு.
நானும் தலையாட்டினேன். எழுதிக் கொடுத்துட்டு அடுத்த பேஷண்டைக் கூப்பிடப் போனேன். அதான் என் மேல எனக்கு இருக்கிற கோவம்.

21/
அப்போ அந்தப் பொண்ணு கேட்டுச்சு: "சார், ஒன்பது மாசம் கழிச்சு ஆடலாம்னா, சேது டீம் செலக்‌ஷனுக்குப் போகலாமா?"
"சேது டீமா? எந்த ஊர்ம்மா?"
என்னைப் பார்த்த பார்வை இருக்கே. "நம்ம காரியாபட்டி சார். இந்தியா சாம்பியன் சார் அவங்க."
அன்னிக்கு நைட் வீட்டுக்குப் போய்த்தான் தேடிப் படிச்சேன். மேல நான் எழுதினது முழுக்க அந்த ஒரு ராத்திரியில ஆரம்பிச்சது.

22/
படிச்சதைச் சொல்றேன். 2018-19 பெண்கள் லீக், பஞ்சாப் லூதியானாவுல. 12 அணிகள். ஆரம்பம் மே 5. இறுதி ஆட்டம் மே 22, மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 ஜெயிச்சு சேது சாம்பியன். நேபாளத்து சபித்ரா பண்டாரி, மணிப்பூரோட தாங்மெய் கிரேஸ், நம்ம கடலூர் இந்துமதி கதிரேசன் எல்லாம் ஒரே டீம்ல. மணிப்பூர் பெண்கள் ஃபுட்பாலை யாராவது அடிக்க முடியுமான்னு நாடே நினைச்ச காலம் அது. நம்ம மாவட்டத்து டீம் அடிச்சுக் காட்டுச்சு.

23/
தேதியைத் திரும்பப் படிங்க. மே 5-ல இருந்து மே 22. பதினெட்டு நாள். ஒரு நாட்டோட தேசிய லீக், கடைசிச் சுற்று மொத்தமும் பதினெட்டு நாள். சாம்பியன் ஆக அஞ்சு குழு ஆட்டம், அரையிறுதி, இறுதின்னு ஏழு மேட்ச். மே மாசப் பஞ்சாப் வெயில்ல.
அதே சீசன்ல இங்கிலாந்துப் பெண்கள் சூப்பர் லீக் முழுத் தொழில்முறை ஆச்சு. 11 அணி, செப்டம்பர்ல ஆரம்பிச்சு மே வரைக்கும் ஆளுக்கு 20 மேட்ச். ஆர்சனல் சாம்பியன்.
நம்ம ஊர்ல ஒரு கல்யாண மண்டபத்துக்கு முகூர்த்த சீசன் இதைவிட அதிக நாள் ஓடும்.

24/
டாக்டரா சொல்றேன். ஒரு முழு ஆட்டம் ஆடின தசை தேற மூணு நாள் வேணும். ரெண்டரை நாளைக்கு ஒரு மேட்ச் வீதம் ஆடவிட்டா என்ன ஆகும்? சோர்ந்த தசை முழங்காலைப் பிடிச்சு நிறுத்தாது, லிகமெண்ட் மேல பாரம் விழும். அந்த லிகமெண்ட் கிழியற அபாயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு ரெண்டுல இருந்து எட்டு மடங்கு வரைன்னு பாடப்புத்தகத்துலயே இருக்கு. அப்போ அட்டவணை போடும்போது பெண்களுக்குத்தான் அதிக இடைவெளி கொடுக்கணும். நாம பண்ணினது தலைகீழ்.
மீதி பதினொன்றரை மாசம் அந்தப் பொண்ணுங்க என்ன பண்ணுவாங்கன்னு யாரும் கேட்கல. சம்பளம்? பயிற்சி? பிசியோ? 'நடந்தா போதும்.'

25/
2023-24-ல இருந்துதான் பெண்கள் லீக்ல சொந்த ஊர், வெளியூர்னு மாத்தி மாத்தி ஆடுற முறை வந்துச்சு. நல்ல மாற்றம், பாராட்டறேன். சேதுவும் விடாம ஆடிக்கிட்டு இருக்கு, 2022-ல ரன்னர் அப். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லயும் 2023-லயும் தேசிய சாம்பியன், அதுல 2018 இறுதியில தோத்தது மணிப்பூர். அப்போ 'தமிழ்நாட்டுல ஏது ஃபுட்பால்'னு கேட்கிறவங்க ஃபுட்பாலைத் தேடவே இல்லைன்னுதான் அர்த்தம்.

26/
'டாக்டர், சென்னையில ஒரு கிரிக்கெட் மேட்ச்சுக்கு வர்ற கூட்டம் இதுக்கு வருமா? பாக்க ஆள் இல்லாத விளையாட்டுக்கு ஏன் செலவு?'
பதினெட்டு நாள்ல, ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால, சாயங்கால டிவியில கூட ஒழுங்கா வராத ஒரு லீக்கை யார் பார்ப்பா? பரிமாறவே இல்ல, அப்புறம் பந்தியில யாரும் சாப்பிடலைன்னு குறை சொல்றீங்க.

27/
'அரசு டாக்டர் உங்க வேலையைப் பாருங்க'ன்னு ஒரு குரூப் வரும். இதுதான் என் வேலை. தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21 கணக்கு: தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல. ஹீமோகுளோபின் எட்டு, ஒன்பதுல வர்ற பொண்ணுங்களை தினமும் பாக்குறேன். மாத்திரையை வாங்கிக் குப்பையில போடும். 'மாத்திரை சாப்பிடு'ன்னு நான் நூறு தடவை சொல்லிக் கேட்காத பிள்ளைங்க, கோச் ஒரு தடவை 'ரத்தம் கம்மியா இருந்தா டீம்ல இடமில்ல'ன்னு சொன்னா கேக்குது. கண்ணால பார்த்திருக்கேன். சத்துணவுல முட்டையை ஒதுக்கின பிள்ளை ரெண்டாவது முட்டை கேக்குது.
ஆடுற பொண்ணு படிப்பை நடுவுல விடாது, பதினெட்டுக்கு முன்னாடி கல்யாணப் பேச்சு எடுத்தா வீட்டுல எதிர்த்துப் பேசும். நான் எழுதற எந்த மருந்துச் சீட்டுக்கும் இவ்வளவு பலன் கிடையாது.

28/
ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில நெய்யுற பேண்டேஜ் துணி நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளுக்குப் போகுது. எங்க வார்டுல இருக்கிறதும் அதுதான். காயத்தைக் கட்டுறதுல நம்மள அடிச்சுக்க ஆள் இல்ல. காயம் படாமப் பாத்துக்கிறதுலதான் கோட்டை விடுறோம்.

29/
சும்மா புலம்பிட்டுப் போக மாட்டேன். செய்ய முடியற நாலு விஷயம்.
ஒண்ணு: பிடி பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்க்கிறதை நிறுத்துங்க. முக்கியமா பொண்ணுங்க பீரியடை.
ரெண்டு: 'ஃபிஃபா 11 ப்ளஸ்'னு ஒரு வார்ம்-அப் முறை இருக்கு. இருபது நிமிஷம். கருவி எதுவும் வேண்டாம், காசு வேண்டாம், யூடியூப்ல இருக்கு. ஒழுங்காச் செஞ்சா காயங்கள்ல மூணுல ஒரு பங்கு குறையுதுன்னு ஆய்வுகள் சொல்லுது. நம்ம ரெண்டு ஊர்லயும் எந்த ஸ்கூல் பிடி சார், பிடி டீச்சர் கூப்பிட்டாலும் ஞாயித்துக்கிழமை வந்து சொல்லித் தர நான் ரெடி.

30/
மூணு: முழங்கால்ல 'டப்' சத்தம் கேட்டு, சில மணி நேரத்துல வீங்கினா கட்டுப் போட ஓடாதீங்க, நேரா அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க. இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க, போட்ட உடனே டீ குடிக்காதீங்க.
நாலு: விருதுநகர் மாவட்டத்துக்குன்னு பெண்கள் ஸ்கூல் லீக் ஒண்ணு. மூணு நாள் டோர்னமெண்ட் போட்டு, கோப்பையோட தலைவர்கள் போட்டோ எடுத்துக்கிட்டுக் கிளம்பற கதை வேண்டாம். ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் வாரம் ஒரு மேட்ச். சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டை, காரியாபட்டி, ஸ்ரீவி, ராஜபாளையம். ஜெயிச்சவங்க மேல, தோத்தவங்க கீழ. நம்ம ஊர்லயாவது அந்த விதியை ஒழுங்கா எழுதுவோம்.

31/
அந்தப் பொண்ணு? மதுரையில ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு மாசம். ஒரு அண்ணாச்சியை நான் மூணு தடவை போன் பண்ணித் தொல்லை பண்ணினேன்னு மட்டும் சொல்றேன். இப்போ சைக்கிள் மிதிக்குது, தொடைத் தசை பலம் இன்னும் மத்த காலுக்குச் சமமா வரல. மறுபடி ஆடுமா? சத்தியமாத் தெரியாது. எல்லாருக்கும் பழைய கால் திரும்பக் கிடைக்கிறதில்ல. போன ரிவ்யூல அப்பா வெளிய நின்னு மெதுவாக் கேட்டார்: "சார், அந்த செலக்‌ஷனு எந்த மாசத்துல வரும்?"
'நடந்தா போதும்'னு சொன்ன அதே மனுஷன்.

32/
சிட்டி-லிவர்பூல் சண்டையைத் தொடருங்க, நானும் வர்றேன், அந்த 11 மில்லிமீட்டருக்கு எனக்கு இன்னும் ஆறல. ஆனா அடுத்த தடவை 98–97 பேசும்போது கூடவே 43–42-ம் பேசுங்க. மே 22-ம் பேசுங்க. சேது மேட்ச் எப்பன்னு தேடி ஒண்ணாவது பாருங்க.
அதுக்கும் முன்னாடி ஒரு வேலை. வர்ற ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு உங்க ஊர் மைதானத்துக்கு ஒரு மண்வெட்டி எடுத்துட்டுப் போங்க. பந்தக்கால் குழி இருக்கும். மூடிட்டு, மண்ணைக் கால்ல மிதிச்சு இறுக்கிட்டு வாங்க. யார் தோண்டினதுன்னு விசாரிக்க வேண்டாம்.